பாதி டம்ளர்

"பாத்தியா, இன்னிக்கு ஒரு சொட்டுகூடச் சிந்தல!"

பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார் மிஷின்காரர். காபி குடித்து முடித்ததற்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

"பாதி டம்ளர்தானே ஊத்தினேன்" என்றாள் மனைவி.

உண்மைதான். அவருக்குக் கை நடுக்கம் வந்த பிறகு அந்த வீட்டில் முழு டம்ளர் என்ற பேச்சே கிடையாது. "உங்களுக்கு மட்டும் பாதி ஊத்தினா நல்லாவா இருக்கும்?" என்று இப்போதெல்லாம் அவளும் பாதியோடு நிறுத்திக்கொள்கிறாள். கட்டிக்கொண்டவள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அவருக்குக் கண் கலங்கியது. தொட்டதற்கெல்லாம் கண் கலங்குவதும் பாதரசத்தின் வேலைதான் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பி.பி. மிஷின் ரிப்பேர்தான் அவருடைய பிழைப்பாக இருந்தது. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் பழைய பாதரச மிஷின்களை வீட்டு முன்னறையிலேயே பிரித்துப் போட்டு, பாதரசத்தை வடிகட்டி, குழாயைத் துடைத்து, திரும்ப ஊற்றிக் கொடுப்பார். சிந்தி உருண்டு கட்டிலுக்கடியில் ஓடும் மணிகளை மனைவி துடைப்பத்தால் கூட்டி, அட்டையில் அள்ளி வந்து தருவாள். ஊரார் ரத்த அழுத்தத்துக்கெல்லாம் கணக்குச் சொன்ன மனிதருக்குக் கடைசியில் தன் சட்டைப் பித்தானைப் போட வரவில்லை.

உடம்பில் பாதரசம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றே தொழிலை மூடினார். வாயைத்தான் மூடவில்லை. "என்னை சைலண்ட்ல போட்டாலும் வைப்ரேஷன் நிக்காது" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பியபோது, "நடுங்குறதுதான் சார் ஒரிஜினல். நேரா இருந்தா போலின்னு பிடிச்சு உள்ள போடுங்க" என்றார்.

பித்தான் சட்டைகள் போய் தலைவழியாக மாட்டும் பனியன்கள் வந்தன. வார்ச் செருப்பு போய், காலை நுழைத்தால் போதும் என்கிற செருப்பு வந்தது. மனைவி தனக்கும் அதே மாதிரி ஒன்று வாங்கிக்கொண்டாள். "ரெண்டு ஜோடி எடுத்தா தள்ளுபடிங்க."

"கல்யாணத்தப்ப பாக்காத ஜோடிப் பொருத்தத்த இப்பப் பாக்குறியாக்கும்!" என்று சிரித்தார் அவர்.

இன்று காபி டம்ளரைக் கழுவி வைத்த கையோடு, "கிளம்புங்க, டாக்டரைப் பாக்கணும். நேத்தே டோக்கன் போட்டாச்சு" என்றாள் மனைவி.

"அடுத்த மாசம்தானே வரச் சொன்னாரு?"

"உங்க ஞாபகத்த நம்பி நான் சோப்பு வாங்கக்கூட அனுப்புறதில்ல."

அவர் எழுந்து செருப்பில் காலை நுழைத்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கியவர் அவர். தவிர, டாக்டரைப் பார்க்க அவருக்கும் அவசரம் இருந்தது. டிஜிட்டல் மிஷின் விற்கும் கடைக்காரர் ஒருவர், கை தேறியதும் ரிப்பேர் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார். அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்களோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

தேறியதா இல்லையா என்பதற்கு டாக்டர் வைக்கும் பரீட்சை ஒன்றுதான். வெள்ளைத் தாளில் கொசுவத்திச் சுருள் மாதிரி ஒன்று வரைய வேண்டும். முதல் தடவை தான் வரைந்ததற்கு 'நாய் கடிச்ச கொசுவத்தி' என்று அவரே பெயர் வைத்தார். அதற்குப் பிறகு வீட்டில் கிடைத்த தாளிலெல்லாம் வரைந்து வரைந்து பழகினார்.

நர்ஸ் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டதும், "நம்மதான்!" என்று எழுந்து ஓடினார். நோயாளிக்கான நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் அவர் உட்கார்ந்துகொண்டார். மனைவி இரண்டு கையாலும் கைப்பையை இறுகப் பிடித்தபடி பின்னால் நின்றாள்.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் மேசையிலிருந்த பேனாவையும் தாளையும் தானே இழுத்துக்கொண்டார். நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று சுருளை வரைந்து முடித்தார். கோடு ஓர் இடத்திலும் உதறவில்லை.

"டாக்டர், கொளுத்தி வச்சா கொசுவே சாகும். பாருங்க!"

டாக்டர் தாளைத் தூக்கிப் பார்த்தார். "பிரமாதம்! கை நல்லாத் தேறிடுச்சு. தாராளமா வேலைக்குப் போங்க. பாதரசம் இருக்கிற பக்கம் மட்டும் தலைவச்சுப் படுக்காதீங்க." அப்புறம்தான் அவருக்கு ஏதோ உறைத்தது. "ஆமா, உங்கள அடுத்த மாசம்தானே வரச் சொல்லியிருந்தேன்?"

மிஷின்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கையும் தேறிவிட்டது, ஞாபகமும் தேறிவிட்டது!

"கேட்டியா? நான் சொன்னதுதான் சரி! இனிமே சோப்பு வாங்க என்னைத் தைரியமா அனுப்பலாம்!" என்று மனைவி பக்கம் திரும்பினார்.

அவள் சிரிக்கவில்லை. இவ்வளவு நேரம் பிடித்திருந்த கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். தாளில் கோடு விழுவதற்கு முன்பே, பேனா படபடவென்று மேசையைத் தட்டியது.

"டோக்கன் எனக்குத்தான் போட்டேன், டாக்டர்."