அத்தான் தூக்கிய அடைப்புக்குறி

“என் பேரை முழுசாச் சொல்லி, எவ்வளவு ஆசையா ஒரு வரவேற்பு! உங்ககிட்ட எனக்குப் பாதிப் பேர்தான்” என்று மனைவி உருகினாள். கணவரின் இரண்டு காதிலும் புகை வந்தது. தெருவில் யாரும் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடாததுதான் பாக்கி.

அவள் உருகியது, பலர் சேர்ந்து ஆன்லைனில் விளையாடத் தன் தம்பி நடத்தும் கேம் சர்வரைப் பார்த்து. அந்தத் தம்பிக்கு இவர் அத்தான். நமக்கும் அப்படியே இருக்கட்டும்.

அத்தானும் ஒரு சர்வர் வைத்திருந்தார். உள்ளே வருகிறவர்களின் பெயரில் பாதியை அது விழுங்கி ஏப்பம் விடும். வரவேற்புச் சொல்லும் அதன் பிளக்-இன் நிரலை எங்கெங்கிருந்தோ காப்பியடித்து ஒட்டியதோடு சரி, அப்புறம் அவர் திறந்தே பார்த்ததில்லை.

சாயங்காலம் கேம் போட்டி நடத்துகிறவர்கள் வந்து இருவரில் ஒருவரின் சர்வரைத் தேர்ந்தெடுப்பார்கள். “யார் ஜெயிச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே பெருமை” என்றாள் மனைவி. அத்தானுக்கு அதெப்படி ஒன்றாகும்?

மச்சினன் குளிக்கப் போனான். சாப்பாட்டு மேஜையில் அவன் லேப்டாப் திறந்தே கிடந்தது. அத்தான் பூனை நடை நடந்துபோய் எட்டிப் பார்த்தார்.

திரையில் ஒரு பிளக்-இன் நிரல். பெயருக்கு ஒதுக்கிய இடத்தில், அது முடிகிறது என்று காட்டும் குறிக்கு ஒரு கட்டம் விடவே இல்லை. “அடடே, நான் பண்ற அதே தப்பு! இவனா பெரிய மேதாவி?”

கை சும்மா இருக்குமா? ஓர் அடைப்புக்குறியைத் தூக்கினார். இரண்டு மேற்கோள்குறிகளை ஒழித்தார். பெயருக்கான இடத்தை, எறும்பின் பெயர்கூட நுழையாதபடி சுருக்கினார். சேமித்துவிட்டு, சோபாவில் பேப்பரை விரித்துக்கொண்டார்.

தலை துவட்டியபடி வந்த மச்சினன், நிரல் ஓடுமா என்று பார்க்கக் கம்பைல் பண்ணினான். திரையில் கொட்டிய சிவப்பு எரர்களில் எதிர்ச் சுவரே சிவந்துவிட்டது.

“ஐயோ, அக்கா! ஒரே ஒரு தப்புதான் பாக்கி இருந்துச்சு. இப்ப என்னடான்னா எரர் மழையாக் கொட்டுது! அவங்க வர்றதுக்குள்ள முடியவே முடியாது!”

“அடப் பாவமே!” பேப்பருக்குள் பல் அத்தனையும் தெரியச் சிரித்தார் அத்தான். “விடுடா. உன் சர்வர் படுத்தா என்ன, என் சர்வர் இருக்குல்ல?”

மச்சினன் திருதிருவென்று விழித்தான். “என் சர்வர் நல்லாத்தானே ஓடுது? சரி பண்ணித் தரச் சொல்லி அக்கா காலையிலேர்ந்து ஒரே கெஞ்சல், பாவமா இருந்துச்சு. அதான் இதை எடுத்து உட்கார்ந்தேன்.”

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. “எதை?”

“இது உங்க ஃபைல், அத்தான்.”