எண்பதுக்குக் கீழே

“ஒண்ணே ஒண்ணு வெச்சிடுங்க டாக்டர். சின்னதா இருந்தாலும் பரவாயில்லை!”

மேஜை மேல் படுத்திருந்த ஜவுளிக்கடைக்காரர் கெஞ்சினார். மணிக்கட்டு வழியாகப் போன மெல்லிய கம்பி அவருடைய இதயத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. வாய்தான் நிற்கவில்லை.

சின்ன டாக்டருக்குத் தலை சுற்றியது. ஸ்டென்ட் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுகிறவர்களை அவர் தினமும் பார்க்கிறார். வேண்டும் என்று அடம் பிடிக்கும் பிரகிருதியை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

ஸ்கேனில் பாதி அடைப்பு இருக்கிறது என்று சொன்னபோதே இந்த மனுஷன் வாயெல்லாம் பல்லாகக் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

“இங்கே பாருங்க. அடைப்புக்கு முன்னாடி ரத்தத்தோட அழுத்தம் நூறுன்னா, அடைப்பைத் தாண்டின பிறகு தொண்ணூத்திரண்டு இருக்கு. எண்பதுக்குக் கீழே இறங்கினாத்தான் ஸ்டென்ட். உங்களுக்கு அடைப்பு பேருக்குத்தான். ரத்தம் ஜோரா ஓடுது.”

“எட்டு குறையுதே! என் கடையில மீட்டருக்கு எட்டு சென்டி குறைச்சுக் கிழிச்சா சும்மா விடுவாங்களா?”

“இது துணி இல்லைங்க.”

“சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். எண்பத்தஞ்சுன்னு முடிச்சுக்குவோம்.”

நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இன்னொரு வாட்டி அளந்து பாருங்க டாக்டர். நான் மூச்சைப் பிடிச்சுக்கறேன்.”

“மூச்சைப் பிடிச்சா குறையாது.”

“கோபப்பட்டா? என் மாப்பிள்ளையை நெனச்சுக்கறேன்.”

சொன்னதோடு விட்டாரா? கண்ணை இறுக மூடிக்கொண்டு நினைக்கவே ஆரம்பித்துவிட்டார். முகம் சிவந்தது. திரையில் துடிப்பு எகிறியது. சரி தொலையட்டும், சரிபார்த்த மாதிரியும் ஆச்சு என்று டாக்டர் ரத்த ஓட்டத்தைக் கூட்டும் மருந்தை மறுபடி ஏற்றி அளந்தார்.

தொண்ணூத்திமூணு.

“ஐயையோ, ஏறிடுச்சே!” என்று அலறினார் கடைக்காரர்.

நர்ஸ் டாக்டரின் காதருகே வந்து கிசுகிசுத்தார். “இவரோட சகலைக்கு ரெண்டு ஸ்டென்ட் இருக்காம் டாக்டர். அட்மிஷன்லயே சொல்லிட்டிருந்தார்.”

அட, சமாச்சாரம் இதுதானா! டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“ஏங்க, சகலை வெச்சிருக்கார்னு நீங்களும் வெச்சுக்கணுமா? இது என்ன மோதிரமா? உங்களுக்கே வெக்கமா இல்லை?”

கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என்ன வேணா நெனச்சுக்கோங்க. ஆனா இது உயிர் பிரச்சனை டாக்டர்.”

“உங்க உயிருக்கு ஒரு குறைச்சலும் இல்லை!”

கம்பியை உருவி, மணிக்கட்டில் கட்டுப் போட்டு, கட்டிலைத் தள்ளச் சொன்னார் டாக்டர். கடைக்காரரின் கண்ணோரம் ஈரமாக இருந்தது. பொறாமையில் அழுகிற ஆளையும் பார்த்தாச்சு என்று தலையில் அடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

வராண்டாவில் உட்கார்ந்திருந்த கடைக்காரரின் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். நாலடி நடப்பதற்குள் இரண்டு தடவை நின்றார்.

“என்னங்க, வெச்சாச்சா?”

“ஓ! ஜம்முனு ஒண்ணு வெச்சாச்சு!” கடைக்காரர் கட்டுப் போட்ட கையை உயர்த்திக் காட்டினார். “எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லை.” இன்னொரு கையால் டாக்டரின் கோட்டைப் பிடித்து இழுத்தார். சொல்லிடாதீங்க என்று கண்ணால் கெஞ்சினார்.

இதற்குமேல் பொறுக்க முடியாது என்று டாக்டர் வாயைத் திறந்தார். அந்த அம்மா முந்திக்கொண்டார்.

“புளுகாதீங்க. நீங்க உள்ளே பேரம் பேசினது இந்த வராண்டா முழுக்கக் கேட்டுது.”

கடைக்காரரின் கை பொத்தென்று கீழே விழுந்தது.

அந்த அம்மா டாக்டர் பக்கம் திரும்பினார். மூச்சு வாங்கியது. கண் நிறைந்திருந்தது.

“போன வாரம் உங்க பெரிய டாக்டர் எனக்கு இதே மாதிரி அளந்து பார்த்து அறுபத்தொண்ணுன்னாங்க. உடனே ஸ்டென்ட் வெக்கணும்னாங்க. எனக்கு பயம். ‘முதல்ல நீங்க ஒண்ணு வெச்சுக்கிட்டு வாங்க, அப்புறம் நான் வெச்சுக்கறேன்’னு இவர்கிட்ட வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழற மனுஷன் டாக்டர் இவர்... எனக்கு நாளைக்கே வெச்சிடுங்க.”