அந்தக் கை

குழாய் அசையவில்லை.

குளியலறைத் தரையில் சப்பணமிட்டு, ரெஞ்சை இடது கைக்கு மாற்றிப் பிடித்தாள்.

மூலைக் குழாய். வலப்பக்கம் நாலு விரல் தள்ளிச் சுவர். முன்னால் சிமெண்டுத் தொட்டி. இந்த இடத்தில் குழாய் வைத்த மகானுபாவனுக்கு, ஒரு நாள் இதைக் கழற்ற வேண்டி வரும் என்று தோன்றவே இல்லை போலிருக்கிறது.

காலையில் பிளம்பர் சவரிமுத்து முக்கால் மணி நேரம் இதோடு மல்லுக்கட்டினார். ரெஞ்சைத் திருப்பும்போதெல்லாம் முழங்கை சுவரில் இடித்தது. கை மாற்றிப் பார்த்தார். பிடி வழுக்கியது.

"பீச்சாங்கையில அவ்வளவு தெம்பு வராதும்மா. சுவத்தை உடைச்சுத்தான் எடுக்கணும். நாலு மணிக்கு உளியோட வர்றேன்."

மொட்டைமாடி வால்வை மூடியபடியே விட்டு, ரெஞ்சையும் புதுக் குழாயையும் டேப்பையும் அங்கேயே போட்டுவிட்டுப் போனார்.

கீழ்வீட்டு ஓனரம்மா மாடிப்படியில் நின்றே தீர்ப்பு சொல்லிவிட்டார். இங்கே கசிகிற தண்ணீர் அவர் சீலிங்கில் ஊறுகிறது. அது நிற்க வேண்டும். ஆனால் சுவரில் கை வைத்தால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

காலி செய்வதாம். பிள்ளையை இப்போதுதான் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறது.

போனில் கணவன், "நீயே ஏதாவது பாரு" என்றான்.

பார்த்தாள்.

சவரிமுத்து சொன்னது காதை விட்டுப் போகவில்லை. தெம்பு வராது.

யாருக்கு?

காய் நறுக்குவது இந்தக் கைதான். சிலிண்டரை உருட்டுவதும் இதுதான். எழுத எடுத்ததற்காகப் பள்ளிக்கூடத்தில் ஸ்கேலால் அடி வாங்கியதும் இதேதான்.

இந்த வீட்டிலும் அதற்கு மரியாதை கிடையாது. மாமனார் நல்ல மனிதர், ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அவள் மறந்துபோய் இடது கையால் காப்பியை நீட்டினால் வாங்க மாட்டார், அவ்வளவுதான். கையை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்பார்.

"ஏன், அந்தக் கைக்கு என்ன?"

அவள் டம்ளரை வலது கைக்கு மாற்றுவாள். பிறகு வாங்கிக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான்.

தோளைச் சுவரில் சாய்த்தாள். மூச்சைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள்.

கிறீச்.

துரு உதிர்ந்தது. குழாய் நூலளவு திரும்பியிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு இழு. இன்னொன்று. பழைய குழாய் கையோடு வந்தது.

புதுக் குழாயின் திருகு மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றினாள். பொருத்தி முறுக்கினாள். மொட்டைமாடிக்குப் போய் வால்வைத் திறந்துவிட்டு ஓடி வந்தாள்.

ஒரு சொட்டு.

இன்னொரு சொட்டு.

மணி மூன்றரை.

மறுபடி மாடி ஏறி வால்வை மூடினாள். மறுபடி கழற்றினாள். டேப்பு மரையை விட்டுக் கழன்று, வாயோரம் சுருண்டு கிடந்தது.

பார்த்ததும் புரிந்தது. அவள் கை எதையும் ஊருக்கு எதிர்ப்பக்கமாகத்தான் சுற்றும். மாவு கலக்குவதும் அப்படித்தான், சிக்குக் கோலம் இழுப்பதும் அப்படித்தான். டேப்பையும் அப்படியே சுற்றியிருக்கிறாள். குழாயை முறுக்க முறுக்க அது அவிழ்ந்துகொண்டே போயிருக்கிறது.

"மக்கு" என்று தன் கையைச் செல்லமாகத் திட்டினாள்.

வலது கைக்கு மாற்றவில்லை.

அதே கையால், மறுபக்கமாக, பத்துச் சுற்று. டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். குழாயைப் பொருத்தினாள். கடைசித் திருப்பில் தோள் வலித்தது. விடவில்லை.

மாடி ஏறி வால்வைத் திறந்தாள். இந்த முறை ஓடி வரவில்லை. பயமாக இருந்தது.

குழாய்க்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

காத்திருந்தாள்.

இன்னும் காத்திருந்தாள்.

பிறகு எழுந்து போய், மாடிப்படியின் தலைப்பில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஓனரம்மா! நின்னுடுச்சு! சுவத்துல ஒரு கீறல்கூட இல்ல!"

அந்தச் சத்தத்தில் மாமனாரின் மதியத் தூக்கம் கலைந்தது.

சவரிமுத்து உளியும் சுத்தியலுமாக வந்தபோது அவள் தொட்டி விளிம்பில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் குழாயின் அடியில் விரலால் தடவினார். விரலைப் பார்த்தார். நம்பாமல் மறுபடி தடவினார்.

"யாரும்மா கழட்டுனது?"

அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். துருவும் சிராய்ப்புமாக, இடது கை.

சவரிமுத்து வாசல் பக்கம் திரும்பினார்.

"ஐயா, உங்க மருமகளை என்கூட வேலைக்கு அனுப்புறீங்களா?"

குளியலறை வாசலில் நின்றிருந்த மாமனார் உள்ளே வந்து, குனிந்து, தானும் ஒருமுறை குழாயின் அடியில் தடவிப் பார்த்தார். காய்ந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே போனார்.

அவள் புதுக் குழாயில் கை கழுவினாள். காப்பி போட்டாள். உள்ளுக்குள் சந்தோஷம் துள்ளிக்கொண்டிருந்தாலும் பழக்கம் மறக்கவில்லை. டம்ளரைக் கவனமாக வலது கையில் எடுத்துக்கொண்டு போய் மாமனாரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை.

கை மடியிலேயே இருந்தது.

"ஏன்," என்றார். "அந்தக் கைக்கு என்ன?"