வெறும் ‘ம்’

"இந்த வாரமும் கூரைதான் தெரியுது! பாருங்க!"

அம்மா போனை அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். திரையில் வெள்ளைக் கூரை, ஒரு டியூப்லைட். பெண்ணைக் காணோம்.

கடல் தாண்டிப் போய் ஹாஸ்டலில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படிக்கிற ஒரே பெண். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்தான் போனைக் கையில் கொடுப்பார்கள். அதற்காக வாரம் பூரா காத்துக் கிடந்தால், மகாராணி பத்து நிமிஷம் பேசுவாள். அப்புறம் போனை மேஜையில் மல்லாக்கப் போட்டுவிடுவாள். ஒரு மாசமாக இதே கூத்து.

"அங்கேதான் இருப்பா, பேசு" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஏண்டி, சாப்டியா?"

"ம்."

"துணியெல்லாம் துவைச்சியா, இல்ல மூட்டை கட்டிப் போட்டிருக்கியா?"

"ம்."

"எதைக் கேட்டாலும் ம்! தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன், ரெண்டு வார்த்தை பேசினா வாய் வலிக்குதா?"

"ம்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிங்க! எல்லாம் நீங்க குடுத்த செல்லம். இந்தாடி, நான் நாளைக்கே செத்துப் போறேன். சந்தோஷமா?"

"ம்."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"போனைத் தூக்குடி! உன் மூஞ்சியைப் பார்க்கணும்!"

போட்ட சத்தத்தில் போன் நிமிர்ந்தது. திரையில் செம்பட்டை முடியும் மிரண்ட கண்ணுமாக வேறொரு பெண்.

"யாரு நீ?"

"ம்" என்றாள் அவள்.

பின்னாலிருந்து ஈரத் துணியும் கையுமாக மகள் ஓடி வந்து போனைப் பிடுங்கினாள்.

"கத்தாதேம்மா, பாவம். என் ரூம்மேட்."

"அவளை ம் கொட்ட வெச்சிட்டு நீ ஊர் சுத்துறியா? பெத்தவ உனக்கு அவ்வளவு இளக்காரமாப் போயிட்டாளா?"

மகள் குரலைத் தாழ்த்தினாள். "அவ அம்மா போன வருஷம் இறந்துட்டாங்கம்மா. ஞாயித்துக்கிழமை அவளுக்குப் பேச யாரும் இல்ல. ஒரு நாள் நீ என்னைத் திட்டுறதைக் கேட்டுட்டு அழுதா. பாஷை ஒண்ணும் புரியல. ஆனா திட்டுறது அம்மான்னு தெரியுதாம். ‘கொஞ்ச நேரம் நான் கேக்கட்டுமா’ன்னா. அதான் மிச்ச நேரத்தை அவளுக்குக் குடுத்துட்டேன்."

அம்மா தன் வாயிலேயே ரெண்டு அடி அடித்துக்கொண்டாள். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"அவகிட்ட குடு போனை."

"அம்மா, வேணாம்..."

"குடுன்னா குடு!"

அந்தப் பெண் பயந்துகொண்டே எட்டிப் பார்த்தாள். அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு, குரலை உயர்த்தினாள்.

"ஏண்டி, இந்தக் குளிர்ல ஸ்வெட்டர் போடாம உக்காந்திருக்கே? தலையைப் பாரு, பறவைக் கூடு மாதிரி! வேளாவேளைக்குச் சாப்பிடுறியா இல்லியா?"

அந்தப் பெண்ணின் முகமெல்லாம் சிரிப்பு.

"ம்!"