வாய்க்குள் ஒரு டிசம்பர்

கொடைக்கானல் ஏரியின் அடிச்சேற்றில் எந்த அடுக்கு எந்த ஆண்டின் குளிர் என்று ஜெனோவா தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அதுதான் அவள் வேலை. ஆனால் குளிரை அவள் அனுபவித்ததே இல்லை. இப்போது மலையிலும் மார்கழியில் மின்விசிறி ஓடுகிறது.

மகள் இன்பாவின் பிறந்தநாளுக்காக ஆய்வகத்தில் கெஞ்சி ஓர் அடுக்கை வாங்கி வந்து, அதில் படிந்த குளிரை அறைக்குள் மீட்டுத் தரும் கருவியில் வைத்தாள். பழைய டிசம்பர் காலை ஒன்று வீட்டுக்குள் இறங்கியது.

"அம்மா! வாயிலேருந்து புகை வருதும்மா! உள்ள தீப்பிடிச்சிருச்சு!"

ஜெனோவா பதறி ஓடிவந்தாள். "வாயைத் தொறக்காதடி!" என்று கத்தியபோது அவள் வாயிலிருந்தும் புகை வந்தது. சேற்றில் இதைப் பற்றி ஒன்றுமே இல்லையே! பயம் தெளிந்ததும் இருவரும் மாறி மாறி ஊதிச் சிரித்தார்கள்.

அடுக்கு தீர்ந்து குளிர் விலகத் தொடங்கியபோது இன்பா வாயை இறுக மூடிக்கொண்டாள். கேக்கைக்கூடத் தொடவில்லை. வேலைக்குப் போயிருந்த அப்பாவுக்காக ஒரு புகையை உள்ளே வைத்திருப்பதாகச் சைகை காட்டினாள்.

அப்பா பிலவேந்திரன் வியர்த்து வழிய வந்து நின்றான். மகள் ஓடிப்போய் அவன் முகத்துக்கு நேரே ஊதினாள். ஒன்றும் வரவில்லை. அவள் உதடு பிதுங்கியது. பின்னால் நின்ற ஜெனோவா கைகளைக் கட்டி நடுங்கிக் காட்டினாள்.

"அய்யய்யோ, என்னா குளிருடி!" என்று அவன் கொடியில் கிடந்த துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.