விட்டுப்போன ஜெபம்

“கல்யாண ஆராதனைல பிள்ளைச் செல்வத்துக்காக ஒரு ஜெபம் வருமே, அதை மட்டும் விட்டுடுங்க பாஸ்டர்” என்றாள் ஜூடித்.

போதகர் நோயல் கண்ணாடியைக் கழற்றினார். நாளை மறுநாள் கல்யாணம். பீன்யா தொழிற்சாலையில் ஷிப்டை முடித்துவிட்டு, யூனிபாரத்தோடேயே மெட்ரோ பிடித்து வந்திருக்கிறாள் மணப்பெண். இதைக் கேட்கத்தானா?

“பொண்ணுக்கு வயசாகியிருந்தா விடலாம்னு ஆராதனைப் புஸ்தகத்துலயே இருக்கு. உனக்கு இருபத்தொன்பதுதானேம்மா?”

“பரவால்ல, விட்டுடுங்க.”

“மனுஷனுக்கு ஆண்டவர் கொடுத்த முதல் ஆசீர்வாதமே பலுகிப் பெருகுங்கன்னுதான். வேதத்துல ஒரு பிள்ளைக்காக அன்னாள் ஆலயத்துல எப்படி அழுதா! கர்ப்பத்தின் கனி கர்த்தர் தர்ற பலன். நீ வேணாங்கறே.”

“கனின்னா பிள்ளை மட்டும்தானா பாஸ்டர்? அன்பு, பொறுமை, தயவு, இதெல்லாம்தான் ஆவியின் கனின்னு போன மாசம் நீங்கதானே பிரசங்கம் பண்ணினீங்க?”

தன் பிரசங்கத்தைத் தனக்கே திருப்பிச் சொன்னால் எந்தப் போதகருக்குத்தான் பிடிக்கும்? அரைமனதாகத் தலையாட்டி அனுப்பினார். இந்தக் காலத்துப் பெண்களுக்கு வேலைதான் பெரிசு என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை, சொன்னபடியே அந்த ஜெபத்தை விட்டுவிட்டார். முன்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா மௌரீன் புத்தகத்தில் விரல் வைத்து வரிக்கு வரி தொடர்ந்து வந்ததை அவர் கவனிக்கவில்லை.

ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட உள்ளறைக்கு வந்ததும் மௌரீன் பிடித்துக்கொண்டார்.

“ஒரு ஜெபத்தை விட்டுட்டீங்களே பாஸ்டர்? எனக்கு ஒரே பையன். இதுக்காகத்தானே இத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தேன்?”

போதகர் பதில் தேடுவதற்குள் ஜூடித் முந்திக்கொண்டாள்.

“நான்தான் வேணாம்னு கேட்டேன் அத்தை.”

“வீட்டுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடியே என் வம்சத்தை நிறுத்திட்டியாம்மா?” மௌரீனுக்குக் குரல் உடைந்தது.

ஜூடித் குனிந்து கையெழுத்துப் போட்டாள். மௌரீன் கேட்டதில் என்ன தப்பு என்றுதான் போதகருக்கும் தோன்றியது.

எல்லாரும் விருந்துக்குக் கிளம்பிய பிறகு மாப்பிள்ளை டேரில் மட்டும் திரும்பி வந்தான்.

“ஜூடித்தைத் தப்பா நினைக்காதீங்க பாஸ்டர். சின்ன வயசுல கேன்சருக்கு எடுத்துக்கிட்ட மருந்தால எனக்குப் பிள்ளை பிறக்காதாம். போன மாசம் டெஸ்ட் எடுத்தப்போதான் தெரிஞ்சுது. கல்யாணத்தை நிறுத்திடலாம்னேன், மாட்டேன்னுட்டா. சபை முன்னாடி அந்த ஜெபத்தைக் கேட்டுக்கிட்டு என்னால நிக்க முடியாதுன்னேன். ‘நான் பார்த்துக்கறேன்’னா அவ. இப்படிப் பார்த்துப்பான்னு எனக்குத் தெரியாது.”

போதகர் ரெஜிஸ்டரை மூடி வைத்தார்.

“அம்மா அவளை அப்படிக் கேட்டப்போ நீயாவது வாயைத் திறந்திருக்கலாமேப்பா?”

“திறந்தேன் பாஸ்டர். அவதான் என் கையை இறுக்கிப் பிடிச்சு நிறுத்திட்டா.”