மூன்றாவது ஸ்டார்ட்

மறுபடியும் எரிகிறது.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால், எஞ்சின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு. போன மாதம்தான் மெக்கானிக் பேச்சிமுத்து அணைத்துக் கொடுத்தான். அதற்கு முந்தின மாதமும் அவன்தான்.

அவர் விரலால் தட்டிப் பார்த்தார். பதினாலு வருஷத்து வண்டி. தட்டினால் கேட்கிற வயதெல்லாம் தாண்டிவிட்டது.

ஒர்க்‌ஷாப்பில் பேச்சிமுத்து பானெட்டைத் திறக்கவே இல்லை. கதவைத் திறந்து கிலோமீட்டரைப் பார்த்தான். பழைய பில்லை எடுத்துப் பார்த்தான்.

"சார், போன தடவை இங்கேருந்து போனதுக்கு அப்புறம் மொத்தமே எட்டு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. உங்க வீட்டுக்குப் போக நாலு, திரும்பி இங்க வர நாலு. வண்டி வேற எங்கயுமே போகலியே?"

போகவில்லைதான்.

ஆனால் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்கிறார். பேட்டரி இறங்கிவிடக் கூடாதே. அரை மணி நேரம், நின்ற இடத்திலேயே. உள்ளே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். சத்தமாகப் படிப்பார். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. படித்து முடித்ததும் அணைத்து, உறை போட்டு மூடிவிட்டு வீட்டுக்குள் போவார்.

மனைவி இறந்த பிறகு நாலு வருஷமாக இதுதான்.

தினமும் ஸ்டார்ட் செய்வதை அவர் சொன்னதும் பேச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டான்.

"அதான் சார் கேடு. நின்ன இடத்துலயே உறுமிக்கிட்டு இருந்தா உள்ள பூரா கரி பிடிச்சுரும். லைட் எரியத்தான் செய்யும். இந்தத் தடவை நான் லைட்டை அணைச்சு விட மாட்டேன். தூரமா ஓட்டுங்க. நூறு கிலோமீட்டராவது போகணும். வழியில மூணு இடத்துல அணைச்சு, அரை மணி ஆற விட்டு எடுங்க. மூணாவது ஸ்டார்ட்டுல அதுவா அணைஞ்சிரும். யாராவது சொந்தக்காரங்க இருப்பாங்கல்லா, போய்ப் பாத்துட்டு வாங்க."

பாளையங்கோட்டையிலிருந்து நூறு கிலோமீட்டர். அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

விருதுநகர். மகள் சங்கரி வீடு.

அம்மாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் சங்கரி வந்து சேர்ந்தாள். கைக்குழந்தையோடு பஸ் மாறி, ஆட்டோ பிடித்து, தெரு முனையிலிருந்து ஓடி வந்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. "இனிமே இந்த வாசலுக்கு வராதே" என்றார்.

துக்கத்தில் வந்த பேச்சு. ஆனாலும் அவர் வாயில்தான் வந்தது.

அவள் வரவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். அப்படித்தான் வளர்த்திருந்தார்.

முதல் வருஷம் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. பிறகு அடிப்பது நின்றது. நின்ற பிறகுதான் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளத் தொடங்கினார்.

காலை ஏழரைக்குக் கிளம்பினார். வண்டிக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டார்.

கயத்தாறில் அணைத்தார். டீ குடித்தார். எடுத்தார். எரிந்தது.

கோவில்பட்டியில் அணைத்தார். கடலைமிட்டாய் அரைக் கிலோ வாங்கினார். பேத்திக்கு இப்போது ஐந்து வயதாவது இருக்கும். கடிப்பாளா, தெரியவில்லை. எடுத்தார். எரிந்தது.

வழியெல்லாம் ஒரே பேச்சைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். எஞ்சின் லைட் எரியுது, ஆற விடணும், அதான் நிறுத்தினேன்.

தப்பு என்னுதுதான் என்றும் ஒரு பேச்சு இருந்தது. அது தொண்டையைத் தாண்டவில்லை. இது தாண்டியது.

விருதுநகரில் மகள் வீட்டுப் பச்சை கேட். எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் நிறுத்தி அணைத்தார்.

கொடியில் சின்னதாக ஒரு பள்ளிக்கூடச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. மூன்றாவதில் நின்றது. அவள் அம்மாவும் மூன்றில்தான் அணைப்பாள்.

அரை மணி ஆனது. முக்கால் மணியும் ஆனது. அவர் இறங்கவில்லை.

பயமாக இருந்தது. அறுபத்தெட்டு வயதில், பெற்ற மகள் வீட்டு கேட்டைத் தள்ளப் பயம்.

போய்விடலாம். சாவியைத் திருப்பினார்.

எல்லா விளக்குகளும் ஒரு தடவை எரிந்து அணைந்தன. மஞ்சள் விளக்கும் அணைந்தது.

காத்திருந்தார். அது வரவில்லை.

வண்டி சரியாகிவிட்டது. கையில் இருந்த ஒரே சாக்கும் போய்விட்டது.

கேட் திறந்தது. கையில் கரண்டியோடு சங்கரி நின்றாள். இந்த வண்டியில்தான் அவள் ஓட்டப் பழகினாள். இதன் சத்தம் அவளுக்குத் தெரியும்.

தெருவைக் கடந்து வந்து ஜன்னலருகே நின்றாள். காதோரம் நரைத்திருந்தது. மகளுக்கு நரைக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"என்னப்பா?"

வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"எஞ்சின் லைட் எரியுதும்மா. ஆற விடணும்."

அவள் குனிந்து மீட்டரைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் எரியவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடி மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாப்பா, எரியுது" என்றாள்.

திரும்பிப் போய், வண்டி உள்ளே வர கேட்டின் இன்னொரு கதவையும் திறந்தாள்.